நோக்கியா ஆலை மூடலும் வி.ஆர்.எஸ். கணக்கும்

வணக்கம் மக்களே. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை ஏன் மூடப்பட்டது என்று யாரைக் கேட்டாலும், வரிப் பிரச்சினை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான். வருமான வரித்துறை சொத்துகளை முடக்கி வைத்திருந்ததால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கே ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தார்கள், அப்புறம் அந்த ஆர்டரும் நின்றுபோய், நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது.

சரி, ஆட்கள் எப்போது போனார்கள்? நவம்பரில் போனவர்கள் குறைவு. ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த இடத்தில், கடைசியில் மிஞ்சியது ஏறக்குறைய 1,100 பேர்தான். சுமார் 5,000 பேர் அந்தக் கோடையிலேயே வி.ஆர்.எஸ்., அதாவது ஒரு தொகை வாங்கிக்கொண்டு தாங்களாகவே வேலையை விடும் விருப்ப ஓய்வு, எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட 90 நாள் முன்பே அரசிடம் அனுமதி கேட்க வேண்டும், ஆனால் வி.ஆர்.எஸ்.ஸில் போகிறவரை அந்தச் சட்டம் ஆட்குறைப்பில் சேர்ப்பதே இல்லை.

ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வி.ஆர்.எஸ். வேண்டாம் என்று மூடும்வரை காத்திருந்தால், சட்டம் தரும் இழப்பீடு ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் சம்பளம். ஆலை தொடங்கிய 2006-லேயே சேர்ந்த ஆபரேட்டருக்கும் எட்டு வருஷத்துக்கு 120 நாள், அதாவது நாலு மாசச் சம்பளம். 2010-இல் சேர்ந்தவருக்கு கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கான அஞ்சு வருஷம்கூட முடிந்திருக்காது. வேறு வழி என்ன இருந்தது, சொல்லுங்கள்?

இதில் நிறைய பேர் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு லைனுக்கு வந்த பெண்கள். மணிக்கட்டில் ஆன்ட்டி ஸ்டாட்டிக் பட்டை, முன்னால் ஒரே ஸ்டேஷன், ஷிஃப்ட் முழுக்க அதே போர்டு. கை வேகம் பிரமாதமாக இருக்கும், ஆனால் அடுத்த கம்பெனியில் அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, டிரெயினியாக வா என்பார்கள். பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அதே டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.

2019-இல் போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அந்த நோக்கியா வளாகத்தை வாங்குவதாக அறிவிப்பு வந்தபோது, புது வேலைகள் என்று எல்லாரும் கொண்டாடினோம். பழைய ஆபரேட்டர்களைத் திரும்ப எடுப்பார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி அப்போது எங்கேயும் படித்ததாக நினைவில்லை.

உங்களிடம் இப்படி ஒரு வி.ஆர்.எஸ். தாள் வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.