ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே.

சித்திரை மாதத்தில் பெங்களூர் மழை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான்கு மணிக்கு வெயில், ஐந்து மணிக்கு இடி, ஐந்தரைக்குக் கரன்ட் இல்லை. போன கரன்ட் திரும்பி வருகிறது, வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் வருவதில்லை. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்.பி. ரோடுக்குப் போனால், கடையில் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஃபார்மட் போட்டுடலாமா சார்?" என்றுதான். அதாவது, டிஸ்க்கைக் காலி செய்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதற்குத் தலையாட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இன்று பார்ப்போம்.

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் ஃபைல்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. ஃபேனே சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி, போயிருக்கும். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றுங்கள். அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். தேதி பல வருடம் பின்னால் போய்விட்டதா? மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி, 3 வோல்ட், தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் கம்ப்யூட்டரை எழுப்புகிற பயாஸின் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய், விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடலாம். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மட் போடுகிறவர்கள் உண்டு. பேட்டரிக்கு ஒரு மசால் தோசை விலைகூட ஆகாது.

இவை எதிலும் ஹார்ட் டிஸ்க்குக்குச் சேதமில்லை. டிஸ்க்கே 'டக்... டக்... டக்' என்று சீராகத் தட்டினால்தான் கதை வேறு. உள்ளே தட்டைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைத் தேடித் தவிக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தட்டின் மேல் கீறக்கூடும். உடனே நிறுத்திவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான் பலன். மேஜை மேல் வைத்து ஸ்க்ரூவைத் திறக்கிறேன் என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தூசியில்லாத அறை இருக்கிற ஆய்வகத்தில்தான் அதைத் திறக்க வேண்டும்.

தட்டாத, ஆனால் திணறுகிற டிஸ்க்குக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. முதல் விதி, அதில் புதிதாக ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது. ஒரு ஃபைலை அழித்தால் டிஸ்க்கின் அட்டவணையில் அதன் பெயர்தான் போகிறது. உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே கிடக்கும், வேறொன்று அதன் மேல் வந்து உட்காரும்வரை. அதே டிஸ்க்கில் விண்டோஸ் போட்டால் அதுதான் நடக்கிறது. விஸ்டா காலத்திலிருந்து, 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு எந்தச் சாஃப்ட்வேரும் உதவாது. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் இந்த அவகாசமும் குறைவு. டிரிம் என்ற ஏற்பாடு, அழித்த ஃபைல்களின் இடத்தைப் பின்னணியிலேயே துடைத்துவிடும். திணறுகிற டிஸ்க்கில் விண்டோஸின் பழுதுபார்க்கும் நிரலான செக்டிஸ்க்கை ஓட்டுவதும் வேண்டாம். அது சரிசெய்கிறேன் என்று அட்டவணையைத் திருத்தும், இருந்ததும் போகும்.

டிஸ்க்கைக் கழற்றி, அதை யூ.எஸ்.பி. வாயில் இணைக்கும் சாட்டா-யூ.எஸ்.பி. அடாப்டரில் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி. மின்சாரமே போதும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி அடாப்டர் வேண்டும். இல்லாவிட்டால் அது சுழலவே சுழலாது, நீங்கள் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அந்தக் கம்ப்யூட்டரை ஒரு பென் டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான உபுண்டுவில் எழுப்புவது நல்லது. விண்டோஸ் ஓடினால் மாட்டிய டிஸ்க்கில் கேட்காமலே எதையாவது எழுதும்.

இனி சாதாரண காப்பி-பேஸ்ட் வேண்டாம். கெட்டுப்போன ஒரே ஒரு போட்டோவில் அது மணிக்கணக்காக முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குள் டிஸ்க் மிச்ச உயிரையும் விட்டுவிடும். இதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. உபுண்டுவில் நிறுவும்போது மட்டும் முன்னால் ஒரு 'ஜி' சேர்த்து, ஜி-டி-டி-ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் அவற்றுக்குத் திரும்பும். குறித்து வைக்கிற அந்த மேப் ஃபைலைக் கொடுக்க மறக்காதீர்கள். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊர் மழைக்காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரதி விழுகிற டிஸ்க் பழையதைவிடப் பெரியதாக இருக்கட்டும். பிரதி ஒரே பெரிய ஃபைலாக விழுவதால், அந்த டிஸ்க் ஃபேட் 32 அமைப்பில் இருந்தால் 4 ஜி.பி.யில் நின்றுவிடும், என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான 500 ஜி.பி. டிஸ்க்கை நீல நிற யூ.எஸ்.பி. வாயில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். பழைய கறுப்பு வாயில் நாலரை மணியைத் தாண்டும். நோயாளி டிஸ்க் என்றால் நாள்கணக்காகும், பொறுத்திருங்கள்.

பிரதி கிடைத்ததும் அசலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். தொலைந்த பார்ட்டிஷனை, அதாவது சி, டி என்று பிரித்த பகுதியை, ஃபோல்டர், பெயர் எல்லாவற்றோடும் அது மீட்டுத் தரக்கூடும். அது கைவிட்டால் அதன் கூடவே வரும் ஃபோட்டோரெக். அது உள்ளடக்கத்தைத் தேடி எடுக்கும், பெயரைத் தராது. கல்யாண போட்டோ, மின்சார பில், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் வெறும் எண்களாக வந்து குவியும். போட்டோக்களுக்குள் எடுத்த தேதி பதிந்திருப்பதால் அவற்றை வரிசைப்படுத்தலாம். வேர்டு ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கை மாட்டியதும் 48 இலக்க எண் கேட்டால் அது விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு. புதிய லேப்டாப்களில் நாம் போடாமலே அது விழுந்திருக்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். மகனோ மகளோ தங்கள் கணக்கில் அமைத்துக் கொடுத்திருந்தால் அங்கே தேடச் சொல்லுங்கள். அது இல்லாமல் திறக்க வழியில்லை.

இவ்வளவு பாடுபடுவதற்கு முன்னால், ஏற்கெனவே வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குப் போயிருக்கலாம். அழித்த ஃபைல் கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். கூகுள் போட்டோஸில் ஏற்றி வைத்திருந்த படம் என்றால் 60 நாள். யாராவது மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் இருக்கும், ஆனால் 10 நாளில் அதை விண்டோஸே அழித்துவிடும். நீங்கள் மெயிலில் அனுப்பிய ஃபைல்கள் 'சென்ட்' பெட்டியில் இருக்கும். இது பலருக்குக் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

பிறகு புது எஸ்.எஸ்.டி. போட்டு, 8 ஜி.பி. பென் டிரைவிலிருந்து விண்டோஸை நிறுவலாம். டிஜிட்டல் லைசென்ஸ் என்றால் அது மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க் மாறினால் போகாது.

ஃபைல்களைத் திருப்பி வைத்த பிறகு தமிழர் வீடுகளுக்கே உரிய ஒரு திகில் உண்டு. தாத்தா பத்து வருடமாக அடித்து வைத்த கட்டுரையைத் திறந்தால் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஃபைல் கெடவில்லை, ஃபான்ட்தான் இல்லை. ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று தெரிந்தால், அது பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல். பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய ஃபான்ட்களை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து தவறாமல் எடுத்துவையுங்கள். தனி ஆளுக்கென்று நிறுவியது, அவர் பெயரிலுள்ள ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும். அப்படியே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கும் மாற்றிவிடுங்கள், இந்தத் தலைவலி அடுத்த முறை வராது.

ஒன்டிரைவ் இருக்கிறதே, தனியாகக் காப்பு எதற்கு என்று கேட்கலாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வைரஸ் இங்கே ஃபைல்களைப் பூட்டினால் பூட்டியதே அங்கேயும் போய்ச் சேரும். அதனால் மாதம் ஒருமுறை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன், அதிலிருந்து ஏதாவது இரண்டு ஃபைலை உண்மையிலேயே திறந்து பாருங்கள்.

இன்னொரு டிஸ்க் வேறு ஊரில் இருக்கட்டும். நம்மில் பலருக்குச் சேலத்திலோ வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு வீடு இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது இந்த வருடத்து டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டு அங்கே பீரோவில் வைத்துவிட்டு, போன வருடத்தியதை எடுத்து வாருங்கள். அது சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும். எஸ்.எஸ்.டி. மின்சாரமே காணாமல் வருடக்கணக்கில் கிடந்தால் எழுதியதை மெல்ல மெல்ல மறந்துவிடும். நன்றி, வணக்கம்.