நான்காம் மாடியில் ஒரு ‘ர்’

அவைக்கு வணக்கம். அமெரிக்க ஆங்கிலத்தின் வட்டார வழக்குகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் சிறிது. அதனால் முன்னுரையை விட்டுவிட்டு நேரே ஒரு கடத்தல் வழக்குக்குப் போய்விடுகிறேன்.

ஒரு சிறுமியைக் கடத்திவிட்டார்கள். வீட்டுக்குக் கடிதம் வருகிறது: பத்தாயிரம் டாலரை டயப்பர் பையில் போட்டு, இன்ன தெருமுனையில் ‘டெவில் ஸ்ட்ரிப்’பில் இருக்கும் பச்சைக் குப்பைத்தொட்டிக்குள் வைக்க வேண்டும், போலீஸ் வரக்கூடாது. கடிதத்தில் ஏகப்பட்ட எழுத்துப்பிழைகள். போலீஸார் அதை ரோஜர் ஷை என்ற மொழியியலாளரிடம் காட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டாராம்: “நீங்கள் சந்தேகப்படுகிற ஆட்களில், நன்றாகப் படித்த, ஏக்ரன் ஊர்க்காரர் யாராவது உண்டா?” உண்டு. அப்படி ஒருவர் பட்டியலிலேயே இருந்தார். கடைசியில் அவர்தான் குற்றவாளி.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ‘கேன்’, ‘காப்ஸ்’ போன்ற சின்னச் சொற்களைத் தப்பாக எழுதிய ஆள், ‘டயப்பர்’, ‘பிரெஷியஸ்’ போன்றவற்றைச் சரியாக எழுதியிருந்தான். படிக்காதவன் மாதிரி நடிக்கிறான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஊரைக் காட்டிக் கொடுத்தது டெவில் ஸ்ட்ரிப். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே புல் முளைத்த ஒரு பட்டை இருக்குமே, அதற்கு ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் பகுதியில் வழங்கும் பெயர் அது. வடக்கே அறுபது கிலோமீட்டர் போய் கிளீவ்லாந்தை எட்டினால் அதே பட்டை ‘ட்ரீ லான்’ ஆகிவிடும். எழுத்தை மாற்றத் தெரிந்தவனுக்குச் சொல்லை மாற்றத் தோன்றவில்லை. அது தன் ஊருக்கு மட்டுமே உள்ள சொல் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இந்த மாதிரிச் சொற்களையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து தொகுத்தார். உட்கார்ந்து என்று சொல்வது தவறு, ஆட்களை வண்டியில் ஏற்றி அனுப்பித் தொகுத்தார். ஃப்ரெடெரிக் காசிடி, ஜமைக்காவில் பிறந்தவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1965 முதல் 1970 வரை அவருடைய களப்பணியாளர்கள் ‘வேர்ட் வேகன்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட வேன்களில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். 1002 ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் 1600-க்கும் மேற்பட்ட கேள்விகள். பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரிலேயே ஊறிப்போன வயதானவர்கள். வெயில் அடிக்கும்போதே மழை பெய்தால் என்ன சொல்வீர்கள் என்பது போல, பொருளை விவரித்துச் சொல்லை அவர்கள் வாயிலிருந்தே வாங்குவார்கள். அந்தக் கேள்விக்குத் தென் மாநிலங்களில் வழங்கும் பதில், ‘சாத்தான் பெண்டாட்டியை அடிக்கிறான்’. நம் ஊரில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம், அங்கே அடிதடி. அந்த வட்டார வழக்கு அகராதியின் முதல் தொகுதி 1985-இல் வந்தது, கடைசி எழுத்தான ‘ஸீ’யை (Z) எட்டிய ஐந்தாம் தொகுதி 2012-இல். காசிடி 2000-இலேயே போய்விட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் ‘ஆன் டு ஸீ!’, அதாவது ‘ஸீயை நோக்கி!’ என்று பொறித்திருக்கிறார்கள்.

குளிர்பானத்தைச் சிகாகோ, டெட்ராயிட் பக்கம் ‘பாப்’ என்பார்கள், நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் ‘சோடா’. தெற்கில் எல்லாமே ‘கோக்’. என்ன கோக் வேண்டும் என்று கேட்டால் ஸ்ப்ரைட் என்று பதில் வரும். தெற்கத்தியார் பலருக்குப் ‘பின்’னும் ‘பென்’னும் ஒரே ஒலி, அதனால் எழுதுகிற பேனா வேண்டுமென்றால் ‘இங்க் பென்’ என்று விளக்கமாகக் கேட்பார்கள். இதெல்லாம் சுவையான தகவல்கள்தான், இப்படியே இரவு முழுக்கப் பேசலாம். ஆனால் இவை யாருடைய வயிற்றிலும் அடிப்பதில்லை. பாப் என்று சொன்னதால் ஒருவருக்கு வேலை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. உச்சரிப்பின் கதை வேறு.

1962-இல் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் என்ற இளைஞர் ஒரு வேலை செய்தார். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர். நகரத்தின் மூன்று பெரிய கடைகளைத் தேர்ந்தெடுத்தார். பணக்காரர்கள் போகிற சாக்ஸ், நடுத்தரக் குடும்பங்கள் போகிற மேசீஸ், மலிவுக்குப் பேர்போன எஸ். கிளைன். நான்காவது மாடியில் என்ன விற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வார். பிறகு கீழே இருக்கும் விற்பனையாளரிடம் போய், அது எங்கே கிடைக்கும் என்று அப்பாவியாகக் கேட்பார். “ஃபோர்த் ஃப்ளோர்” என்று பதில் வரும். காது கேட்காதவர் போல முகத்தை முன்னே நீட்டி, “என்னங்க?” என்பார். அவரும் இன்னொரு தடவை அழுத்திச் சொல்வார். ஆக, இரண்டு சொல்லில் இரண்டு ‘ர்’, சாதாரணமாக ஒரு தரம், கவனமாக ஒரு தரம். லபோவ் நன்றி சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போய்க் குறிப்பு எழுதிக்கொள்வார். பதில் சொன்னவருக்குத் தாம் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறோம் என்பதே தெரியாது. நாலாவது மாடிக்குப் போனால் அங்கே இருப்பவரிடம், “இது எத்தனையாவது மாடி?” அடிக்கடி வருகிற வாடிக்கையாளர் யாராவது பார்த்திருந்தால் பரிதாபப்பட்டிருப்பார்கள்.

இப்படி 264 பேர். ‘ஃபோத் ஃப்ளோ’ என்று ‘ர்’ரை விழுங்குவது பழைய நியூயார்க் பேச்சு. அதை விழுங்காமல் எங்காவது ஓரிடத்திலாவது ஒலித்தவர்கள் சாக்ஸில் நூற்றுக்கு 62, மேசீஸில் 51, கிளைனில் 20. இதைக் கேட்டு, பணக்காரர்கள் சுத்தமாகப் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதில் சொன்ன யாரும் பணக்காரர் இல்லை, எல்லாரும் கடைச் சிப்பந்திகள். யாருக்கு எதிரே நின்று விற்கிறார்களோ அவர்களுடைய ‘ர்’ இவர்கள் நாக்கில் ஏறியிருந்தது. மேசீஸில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டாம் தரம் கவனமாகச் சொல்லும்போது அங்கே ‘ர்’ கணிசமாகக் கூடியது. எது ‘நல்ல’ உச்சரிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த ‘ர்’ரில் அப்படி என்ன உயர்வு? ஒன்றும் இல்லை. லண்டன்வாழ் படித்தவர்களின் பேச்சு அதே இடத்தில் ‘ர்’ரை விழுங்கும், அதுதான் அங்கே கௌரவம். நியூயார்க்கிலேயே ஒரு தலைமுறைக்கு முன்னால் மேல்தட்டு அப்படித்தான் பேசியது. 1933-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, அந்த மேல்தட்டில் பிறந்த ரூஸ்வெல்ட் பேசியது ஒலிப்பதிவாக இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அச்சத்தைத் தவிர அஞ்சுவதற்கு வேறொன்றும் இல்லை என்கிற இடத்தில் ‘ஃபியர்’ இல்லை, ‘ஃபியா’தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று திசை மாறியது. சீமான் வாயில் இருந்தபோது கம்பீரமாகக் கேட்ட அதே ஒலி, கிளைன் கடைச் சிப்பந்தி வாயில் கொச்சையாகிப் போனது.

கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்கு இந்தத் திசைமாற்றம்கூட வாய்க்கவில்லை. அதை இலக்கணம் தெரியாத பேச்சு என்றே பள்ளிகள் நெடுங்காலம் நடத்தின. ஆனால் அதில் ‘ஷி வொர்க்கிங்’ என்றால் அவள் இப்போது வேலையில் இருக்கிறாள், ‘ஷி பி வொர்க்கிங்’ என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவள். ஜானிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம் ஒரு படம் காட்டினார். குக்கி மான்ஸ்டர் என்கிற தொலைக்காட்சி பொம்மை உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறது, பிஸ்கட் தின்பதே அதன் பிழைப்பு. பக்கத்தில் எல்மோ என்ற பொம்மை பிஸ்கட் தின்கிறது. பிஸ்கட் தின்கிறது யார் என்று பொது ஆங்கிலத்தில் கேட்டால் எல்லாக் குழந்தைகளும் எல்மோ என்றன. ‘ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?’ என்று கேட்டபோது வெள்ளைக் குழந்தைகள் அப்போதும் எல்மோவைக் காட்ட, கறுப்பினக் குழந்தைகள் குக்கி மான்ஸ்டரைக் காட்டின. இலக்கணம் தெரியாதது யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி ஜான் பாஹ். இவரும் மொழியியலாளர், கறுப்பினத்தவர், மூன்று விதமான ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர். கலிஃபோர்னியாவில் வாடகைக்கு வீடு தேடியபோது, தொலைபேசியில் வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள் நேரில் பார்த்ததும் வீடு போய்விட்டது என்று கைவிரித்தார்கள். இது நமக்குப் புதிதில்லை. முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவர்கள் குரலைக் கேட்டும் சாத்துவார்களா என்று சோதித்துவிடலாம் என்று அவர் இறங்கினார். வாடகை விளம்பரம் கொடுத்தவர்களைத் தாமே அழைத்தார். பேசிய வாக்கியம் ஒன்றே ஒன்று, விளம்பரத்தில் இருக்கிற வீட்டைப் பற்றிக் கேட்க அழைக்கிறேன் என்பது. அதை ஒரு தடவை கறுப்பினத்தார் உச்சரிப்பில், ஒரு தடவை மெக்சிக்க வம்சாவளியினர் உச்சரிப்பில், ஒரு தடவை செய்தி வாசிப்பவர் உச்சரிப்பில். 1999-இல் முடிவுகள் வெளியாயின. வெள்ளையர் பெருவாரியாக வாழும் உட்சைடு என்ற ஊரில், செய்தி வாசிப்பவர் குரலுக்கு நூற்றுக்கு 70 அளவில் வீடு பார்க்க நேரம் கிடைத்தது. மற்ற இரண்டு குரல்களுக்கும் 30-க்குக் கீழே. அதே ஆள், அதே வாக்கியம். இனம் பார்த்து வீடு மறுப்பதை 1968-இலேயே சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் திரும்ப அழைக்காத ஒருவர் மீது எந்த ஆதாரத்தை வைத்து வழக்குப் போடுவது? இதோடு இணைந்த சோதனையில் வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. ‘ஹலோ’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்டே, பேசுவது எந்தப் பேச்சுவழக்கு என்று, கேட்டவர்களில் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் கால் சென்டர்கள் முளைத்த காலத்தில் நம் பிள்ளைகளை உட்காரவைத்து ‘நியூட்ரல் ஆக்சென்ட்’ சொல்லிக் கொடுத்தார்கள். அது ஏக்ரன் பேச்சும் இல்லை, அலபாமா பேச்சும் இல்லை, பழைய நியூயார்க் பேச்சும் இல்லை. பாஹ் மூன்றாவதாகப் பேசிய குரல் அது, நூற்றுக்கு எழுபது வீட்டுக் கதவு திறந்த குரல். அதற்குத்தான் நியூட்ரல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.