காயிலில் கைவையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சிற்றலை வானொலி கிட் ஒன்றைத் தன் கையாலேயே பற்றவைத்து முடித்தவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வி கேட்பார்கள். "சத்தம் போதவில்லை, இன்னொரு டிரான்சிஸ்டர் சேர்க்கலாமா?" வேண்டாம் என்பதுதான் என் பதில். முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருப்பதைச் சரி செய்யுங்கள். இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

ரேடியோ ஓடும்போதே ஏரியலைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் அது வெளியிலிருந்து, நிலையத்தின் குரலோடு சேர்ந்தே உள்ளே வருகிறது என்று அர்த்தம். எத்தனை டிரான்சிஸ்டர் போட்டாலும் இரண்டும் சேர்ந்துதான் பெருகும். அடுத்து, ஏரியலை மாட்டி, ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இப்போது அமைதியானால் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கோ செல்போன் சார்ஜரோதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

அப்புறம் காயில், அதாவது கம்பிச்சுருள். எனக்குப் பழக்கமான பள்ளி மாணவன் ஒருவன் சூப்பர்ஹெட் கிட் கட்டியிருந்தான். எந்த நிலையத்தைப் பிடித்தாலும் அதை ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிப் பெருக்கும் வகை அது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-இல் வகுத்த அதே முறைதான். ஒருநாள் ஓடி வந்தான். "மாமா, ஒரே நிலையம் 9600-லும் கேட்கிறது, 8690-லும் கேட்கிறது!" இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்புகிறார்கள் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "கழித்துப் பாருடா" என்றேன். 910 கிலோஹெர்ட்ஸ். "பாதி எவ்வளவு?" 455. சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. அந்த கிட்டின் இடைநிலை அலைவரிசை, அதாவது உள்ளே மாற்றப்படும் அந்த நிலையான அலைவரிசை, 455 என்று குறிப்புத்தாளிலேயே படித்திருக்கிறான்.

நேயர்கள் மெதுவாகக் கேளுங்கள். டயல் 8690-இல் இருக்கும்போது உள்ளே ஆசிலேட்டர், அதாவது ரேடியோவே அலை உண்டாக்கும் பகுதி, 455 கூடுதலாக, 9145-இல் ஓடுகிறது. 9600-க்கும் 9145-க்கும் இடையே உள்ளதும் அதே 455. வரும் அலையை ஆசிலேட்டர் அலையோடு கலந்து வித்தியாசத்தை எடுக்கும் மிக்ஸருக்கு 8690, 9600 எது வந்தாலும் ஒன்றுதான். வேண்டாததை அதற்கு முன்பே நிறுத்த வேண்டியது காயிலும், அதோடு சேர்ந்து ஒரு அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் கண்டென்சரும். பார்த்தீர்களா, மறுபடியும் முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால்தான் வந்து நிற்கிறோம்.

அந்த இடத்தில் அவனிடம் இருந்தது ஒரே காயில். அதைப் பிரித்துத் திரும்பச் சுற்றினோம். நடுவில் துளையுள்ள வளையத்தில் சுற்றும்போது கம்பி துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. வெளிப்பக்கம் பார்த்து எண்ணக் கூடாது. கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே ஈயம் வைக்க வேண்டும். அதே மாதிரி இன்னொரு காயிலும் சுற்றி, இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய கண்டென்சர் ஒன்றைப் போட்டோம். 8690-இல் அந்தக் குரல் அநேகமாக மறைந்தே போனது. 9600-இல் முன்னைவிடத் தெளிவு. ஒரு டிரான்சிஸ்டர்கூடச் சேர்க்கவில்லை, கவனியுங்கள்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஏரியல் பற்றி ஒரே வரி: பத்து மீட்டர் சாதாரண ஒயர் போதும், மின்கம்பிகளுக்கு அருகே மட்டும் போகவே கூடாது, இடி மின்னல் என்றால் கழற்றிவிடுங்கள். டயலில் எண்களைக் குறிப்பது எப்படி என்றும் சொல்ல நினைத்திருந்தேன். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. நேர ஒலிபரப்பு 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வரும். அது எட்டாத இடமென்றால், தன் அலைவரிசையை அறிவிக்கும் எந்த நிலையமும் போதும். அது கேட்கும் இடத்தில் அந்த எண்ணைப் பென்சிலால் குறியுங்கள்; காயிலைத் தொட்டால் எல்லாம் நகர்ந்துவிடும். வணக்கம்.