எல்லோருக்கும் ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். பதினெட்டு வயதில் ஓர் உணவகத்தில் ஆர்டர் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு கல்லாவில் உட்கார்ந்தேன். அப்புறம், புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கிறவன் ஆனேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்த தகராறுகளில் ருசியை வைத்து வந்தவை குறைவு. சொன்னது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று என்று வந்தவைதான் அதிகம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு குடும்பம் வந்தது, ஆறு பேர். பெரியவர் மெனு கார்டை நன்றாகப் பார்த்தார், ஒரு வரியில் விரலை வைத்தார், “எல்லோருக்கும் ஒன்று” என்றார். நான் “சரிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆறு தட்டு கொண்டுவந்து வைத்தேன். நேயர்களே, அந்த வாக்கியத்தை நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒன்று. ஆளுக்கு ஒன்றா? எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஒன்றா? அவர் கேட்டது ஒரே ஒரு தட்டு. நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

ஆறு தட்டும் வந்தபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பில் வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, மேசைக்குக் கீழே மடியில் வைத்து எண்ணினார். போதவில்லை. மனைவி பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். அந்த அம்மா கைப்பையைத் திறந்து, சின்னதாக மடித்து வைத்திருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். முழுப் பணமும் கட்டிவிட்டுப் போனார்கள். சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் போனார்களே, அதுதான் இன்றுவரை நிற்கிறது.

“மொத்தம் ஆறு தட்டு, சரிதானே?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்வியைத்தான் அதற்குப் பிறகு நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆர்டரைத் திருப்பிச் சொல்லுங்கள். எத்தனை பேர் காத்திருந்தாலும், எவ்வளவு அவசரமானாலும் திருப்பிச் சொல்லுங்கள்.

விமானிகளுக்கு இது கட்டாயம். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனியும் இருந்தது, பேச்சில் குழப்பமும் இருந்தது. ஒரு விமானி தான் புறப்படுவதாகச் சொன்ன வாக்கியத்தை, அவர் புறப்படக் காத்திருக்கிறார் என்று கட்டுப்பாட்டு அறையில் எடுத்துக்கொண்டார்கள். அனுமதியைச் சொல்லும் முறையும் திருப்பிச் சொல்லும் முறையும் அதற்குப் பிறகு இன்னும் கறாராயின. அந்தத் துயரத்தையும் சாப்பாட்டு மேசையையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. இரண்டு அர்த்தம் உள்ள வார்த்தை எங்கேயும் வந்துவிடும், அதற்காகச் சொல்கிறேன்.

2003-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஓர் உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் சில மேசைகளில் வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே, அதே வார்த்தைகளில் திருப்பிச் சொன்னார்கள். சில மேசைகளில் அப்படிச் செய்யவில்லை. திருப்பிச் சொன்ன மேசைகளில் அதிக டிப்ஸ் கிடைத்தது. தன் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். அன்றைக்கு நானும் “எல்லோருக்கும் ஒன்று” என்று அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் தலையாட்டியிருப்பார், ஆறு தட்டும் வந்திருக்கும். அதனால் அவர்கள் வார்த்தையோடு உங்கள் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை, எந்த அளவு, எது முதலில் வர வேண்டும். “காரம் வேண்டாம்” என்றால் அறவே வேண்டாமா, குறைத்தால் போதுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சிலருக்கு அது உயிர் போகிற விஷயம்.

சாப்பிட வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஆர்டர் எடுப்பவர் திருப்பிச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். “ஒருமுறை படித்துக் காட்டுங்கள்” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, விலைக்கு வருவோம். மெனு கார்டில் இருப்பது வரி சேர்த்த விலையா, வரிக்கு முந்தையதா? எடைக்கு விற்கும் பொருள் என்றால் போட்டிருப்பது முழுமைக்கா, நூறு கிராமுக்கா? கேட்காமலே மேசைக்கு வந்த தண்ணீர் பாட்டிலுக்கும் தொட்டுக்கொள்ள வந்த கிண்ணத்துக்கும் காசு உண்டா? அன்றைய விசேஷம் என்று வாயால் சொல்லும்போது பெரும்பாலும் விலையைச் சொல்வதில்லை. இது எனக்குப் பிடிக்காத பழக்கம். கூட வந்தவர்களுக்கு முன்னால் விலை கேட்க மனிதர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தப் பெரியவரும் கூச்சப்பட்டுத்தான் வாயைத் திறக்கவில்லை. கூச்சத்தில் வியாபாரம் செய்வது தப்பு. பொருளின் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் விலையையும் சொல்லிவிட வேண்டும்.

விலையை எழுதும் விதம்கூட மனதில் வேலை செய்யும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், டாலர் குறி இல்லாமல் வெறும் எண் போட்ட மெனுவைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் செலவு செய்திருந்தார்கள்.

நேரம் குறைவு என்று நிலைய நண்பர் கை காட்டுகிறார். டிப்ஸ் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிப்ஸ் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அதே தொகைதான். பல மாநிலங்களில் இதைவிட அதிகம் என்றாலும், அங்கே டிப்ஸ் என்பது சம்பளத்தில் பெரும்பகுதி. பிரான்சில் சேவைக் கட்டணம் போட்டிருக்கும் விலையிலேயே அடங்கிவிடும். ஜப்பானில் மேசையில் விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னால் ஓடி வந்து கொடுப்பார்கள். ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் போய் உட்கார்ந்தால் கஞ்சன் என்றோ கர்வி என்றோ பெயர் வாங்கிவிடுகிறார். பாவம், இரண்டும் அவர் இல்லை.

இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பில்லில் சேர்த்துப் போடும் சேவைக் கட்டணமும் கையில் கொடுக்கும் டிப்ஸும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கட்டணம் பரிமாறியவர் கைக்குப் போகும் என்று எல்லா இடத்திலும் உறுதி கிடையாது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் அதை ஊழியர்களுக்கே முழுதாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நீங்கள் போகும் இடத்தில் எப்படி என்று தெரியாவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் பரிமாறியவரிடமே, “இது உங்களுக்கு வருமா?” என்று மெதுவாகக் கேளுங்கள். பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி கேளுங்கள். நன்றி, வணக்கம்.