நாம், நாங்கள், நான்: அவை மாறியபோது அண்ணாவின் பேச்சு

(சென்னை எழும்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

அண்ணாவின் பேச்சைப் பற்றிச் சென்னையில் எழுந்து பேசும் எவருக்கும் உள்ளூர ஓர் அச்சம் இருக்கத்தான் செய்யும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலராவது அவரை நேரில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான் அறிந்த அண்ணா, இங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தின் மேசையில், விவாதத் தொகுதிகளுக்குள் தாளாகவும் மையாகவும் கிடைத்தவர். அந்தக் குரலும், மூக்குப்பொடியும், நள்ளிரவு வரை காத்துக் கிடந்த கூட்டமும் என் பேச்சில் வாரா. மேடையில் வளர்ந்த ஒருவர் பேரவைக்குள் நுழைந்தபோதும், அங்கிருந்து தில்லி சென்றபோதும், பிறகு ஆட்சியில் அமர்ந்தபோதும் அவருடைய வாக்கிய அமைப்பு என்னவாயிற்று என்பதை மட்டுமே இன்று பார்க்கப்போகிறேன்.

நம் மொழிக்கு ஒரு வசதி உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்பவரை விலக்கினால் ‘நாங்கள்’. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வதை இலக்கணம் உளப்பாட்டுத் தன்மை என்கிறது. அரசியல்வாதி ஒருவர் தமிழில் வாய் திறந்த நொடியிலேயே, எதிரில் இருப்பவர் தம்மவரா அயலவரா என்பதை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அறிவித்துவிடுகிறார். தப்பிக்க வழியில்லை. ஆங்கிலத்தில் பேசுகிறவருக்கோ இரண்டுக்கும் ஒரே சொல்தான். அண்ணா இரு மொழிகளிலும் அவை கண்டவர் என்பதால், அவர் பேச்சின் மாற்றங்களைத் தொடர இந்தச் சிறு சொற்களைப் போல நல்ல கைவிளக்கு வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் மேடை. தேர்தல் கூட்டத்துக்கு நேரங்கழித்து வந்து சேர்ந்த இரவொன்றில், ‘மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை, மறக்காமல் இடுவீர் எமக்கு முத்திரை’ என்று சொல்லி முடித்துக்கொண்டார் என்பது தலைமுறைகளாக நம்மிடையே சொல்லப்பட்டு வரும் செய்தி. இதிலுள்ள எதுகை எல்லோர் காதிலும் விழுகிறது. ஆனால் இந்த அடுக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மூன்றாம் அடியில் கேட்பவரின் தூக்கத்தைச் சொல்லி அவர் பக்கம் போய் நிற்கிறது; நான்காம் அடியில் கோரிக்கையை வைக்கிறது. அடிக்கு அடி கூட்டம் சிரிக்கவோ ஆரவாரிக்கவோ வேண்டும். அந்த ஓசை எழாவிட்டால் அடுத்த அடி நொண்டும். அதாவது மேடைப் பேச்சில் பாதியை எழுதுகிறவர்கள் கேட்பவர்கள். அங்கே பேசுகிறவருக்கு ‘நாம்’ என்ற சொல் மூச்சுப் போல இயல்பாக வருகிறது.

1957-இல் காஞ்சிபுரத்திலிருந்து வென்று, திராவிட முன்னேற்றக் கழகத்தின் பதினைந்து உறுப்பினர்களில் ஒருவராகப் பேரவைக்குள் அண்ணா நுழைகிறார். கேட்பவர்கள் எழுதித்தரும் அந்தப் பாதி அங்கே இல்லை. கைதட்டும் கூட்டம் வெளியே நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் எதிரணியினர். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. எவர் பேசினாலும் அவைத்தலைவரை நோக்கியே பேச வேண்டும். நம் தமிழில் இதன் விளைவு விந்தையானது: எதிரே சில அடி தூரத்தில் அமர்ந்திருக்கும் அமைச்சரை ‘நீங்கள்’ என்று சொல்ல முடியாமல், ‘நிதியமைச்சர் அவர்கள்’ என்று படர்க்கையில் வைத்தே பேச வேண்டியிருக்கிறது. முன்னிலை முழுவதும் அவைத்தலைவருக்கு உரியதாகிவிடுகிறது. ‘கனம் அங்கத்தினர்’ என்று ஒருவரையொருவர் குறித்துக்கொண்ட காலம் அது. படர்க்கையில் ஒருவரைத் திட்டுவது கடினம். கிண்டல் செய்வது எளிது. மேடையில் சுடுசொல்லாக வந்திருக்கக்கூடியது அவையில் நகையாக மாறுவதற்குப் பேசுகிறவரின் பண்பு ஒரு காரணம் என்றால், இந்தப் படர்க்கை விதி இன்னொரு காரணம். முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கே ‘நாம்’ என்ற சொல்லும் சிக்கலுக்குள்ளாகிறது. பதினைந்து பேருக்காகப் பேசுகிறவர் அதைச் சொன்னால் ஆளுங்கட்சியையும் சேர்த்துக்கொண்டதாகிவிடும். ‘நாங்கள்’ என்றால் அவையின் பெரும்பகுதியை வெளியே நிறுத்தியதாகிவிடும். ஆகவே எதிர்க்கட்சிப் பேச்சு, எவரையும் தொடாத ஒரு நடையைத் தேடிப் போகிறது: ‘என்று கருதப்படுகிறது’, ‘செய்திருக்கலாம் அல்லவா’, ‘எண்ணிப் பார்க்க வேண்டும்’. சுருதி குறைந்த இந்த நடை அண்ணாவுக்கு அங்கே கைவந்தது என்றே நான் கருதுகிறேன்.

எல்லோருக்கும் இந்த மாற்றம் நேர்ந்ததில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். அப்போதைய முதலமைச்சர் காமராசருக்கு மேடைக்கு ஒரு நடை, அவைக்கு ஒரு நடை என்று வைத்துக்கொள்ளும் தேவை அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பது எங்கே சொன்னாலும் ஒரே நீளம்தான்.

1962 தேர்தலில் கட்சி ஐம்பது இடங்களை வென்றது. அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். அவ்வாண்டே மாநிலங்களவைக்குச் சென்றார். மே முதல் நாளில் அங்கே அவர் ஆற்றிய கன்னிப்பேச்சு ஆங்கிலத்தில் அமைந்தது. இன்றளவும் அதிகமாக எடுத்துக்காட்டப்படும் பேச்சும் அதுவே. அதன் உயிர்ப்பகுதியில் நிற்கும் சொல் ‘நான்’. தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்கிறார். அப்படிச் சொல்லிக்கொள்வதில் பெருமை கொள்வதாகச் சொல்கிறார். அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ தாம் எதிரானவர் என்று பொருளில்லை என்கிறார். எத்தனையோ ஆயிரம் பேரைத் தோளில் சுமந்துகொண்டு பேசிப் பழகியவர், தம்மை அறியாத அவையில் ஒற்றை ஆளாக நின்று தம் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொள்ளும் விருந்தாளியைப் போலத் தொடங்குகிறார். ‘நாங்கள்’ என்று தொடங்கியிருந்தால் அது அறைகூவலாகக் கேட்டிருக்கும். சுயநிர்ணய உரிமைக் கோரிக்கையின்போது பன்மை வருகிறது. அதற்குள் ஒருமை தன் வேலையை முடித்துவிடுகிறது.

அதே பேச்சில் மனிதன் எந்நிலையிலும் மனிதனே என்று ராபர்ட் பர்ன்ஸ் சொன்னதையும் எடுத்தாள்கிறார். மேடையாக இருந்தால் அந்த இடத்தில் வள்ளுவரோ கணியன் பூங்குன்றனோ வந்திருப்பார். ஆங்கிலம் கற்ற உறுப்பினர்கள் நிறைந்த அவைக்கு அவர்கள் அறிந்த கவிஞரைக் கொண்டுவந்தது பேச்சாளரின் சாமர்த்தியம். அந்தக் கவிஞர் இங்கிலாந்துக்காரராக இல்லாமல், பெரிய ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே தன் தனித்தன்மையை விடாத ஸ்காட்லாந்துக்காரராக இருப்பது தற்செயலா என்று எனக்கு ஐயம் உண்டு. மெய்ப்பிக்க முடியாததால் ஐயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் பேசியதால் வந்த வேறுபாடுதானே, அவைக்கு ஏற்ப நடை மாறியதாக எப்படிக் கொள்வது என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை 1963-இல் இருக்கிறது. மொழி அதே ஆங்கிலம். அவையும் அதே அவை. ஆனால் பேச்சு மறுபடியும் மாறுகிறது. இடையில் 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது, கழகத்தின் திராவிட நாடு பிரிவினைக் கோரிக்கை ஒதுக்கி வைக்கப்பட்டது, வேட்பாளர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற 16-ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. அந்த விவாதத்தில் பேசிய அண்ணாவிடம் ‘நான் யார்’ என்ற அறிமுகம் இல்லை. இறையாண்மை எங்கே உறைகிறது, மக்களிடமா, அரசிடமா, அரசுகளுக்கிடையே அது எவ்வாறு பகிரப்பட்டிருக்கிறது என்று அரசமைப்பு நூல் படித்தவரைப் போல வகுத்துப் பேசுகிறார்.

அதே ஆண்டில் வந்த ஆட்சிமொழி மசோதாதான் எனக்கு மிகவும் சுவையானது. 1965-க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. தகராறு முழுவதும் அந்த ‘லாம்’ மீதுதான். ‘பயன்படுத்தலாம்’ என்பதற்கும் ‘பயன்படுத்த வேண்டும்’ என்பதற்கும் இடையில் ஒரு விகுதி தூரமே உண்டு. இந்தி பேசாத மாநிலங்களின் எதிர்காலம் அந்த விகுதிக்குள் அடங்கியிருந்தது. ‘லாம்’ என்பதற்கு ‘வேண்டும்’ என்றே பொருள் என நேரு ஆறுதல் கூறினார். அதே பொருள் என்றால் அந்தச் சொல்லையே போட்டுவிடுவதில் என்ன தடை என்பது கழகத் தரப்பின் வாதம். அடுக்குமொழியில் அரங்கை அதிரவைத்தவர் ஒரு துணைவினையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்க முடியுமா என்று தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1967-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த ‘லாம்’ ‘வேண்டும்’ ஆயிற்று.

அப்படியென்றால் அடுக்கு என்னவாயிற்று? அது அழியவில்லை, வேறு வேலைக்குப் போனது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி வங்காளத்துப் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விவாதத்தில், பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன லாபம் என்ற கேள்வி எழுந்தது. பார்லிமெண்டை லோக்சபா என்று ஆக்கியதில் நீங்கள் கண்ட லாபம் என்ன, கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்யசபா ஆக்கியதில் என்ன, பிரசிடெண்டை ராஷ்டிரபதி ஆக்கியதில் என்ன என்று அண்ணா திருப்பிக் கேட்டார். சித்திரை, பத்தரை, நித்திரை என்ற அதே மூன்றடுக்குதான் இது. அங்கே ஓசையால் அடுக்கினார். இங்கே சான்றுகளால் அடுக்குகிறார். மூன்றாவது அடியில் எதிராளிக்கு விடை இல்லாமல் போகும் இடமும் அதே இடந்தான். பழந்தமிழ் நூல்களிலிருந்தும் அந்தப் பெயருக்குச் சான்று காட்டினார். மசோதா தோற்றது.

அச்சான விவாதங்களை இப்படி நம்பிப் பேசுவதில் ஒரு பள்ளம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சுருக்கெழுத்தாளரின் கை பட்டு, உறுப்பினரின் திருத்தமும் பட்டு வருவதுதான் அச்சாகிறது. இழுப்பும் இடைநிறுத்தமும் அதில் இல்லை. எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று கணினியில் எண்ணி நடைமாற்றம் காணும் நண்பர்களிடம் நான் அடிக்கடி சொல்வது, எண்ணிய பிறகு விவாதத்தை ஒருமுறை வாய்விட்டும் படியுங்கள் என்பதுதான்.

1967-இல் அவர் தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலமைச்சராவதற்காக அந்த இடத்தைத் துறந்து மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். தேர்தல் மேடைகளில் ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற முழக்கம் ஒலித்திருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கனவையும், ஒரு படி என்ற கணக்கையும் ஒரே ஓசைக்குள் வைத்த சொற்றொடர் அது. எதிர்க்கட்சியில் இருந்தால் முதல் பாதியைப் பேசலாம். ஆட்சியில் அமர்ந்தவருக்கு இரண்டாவது பாதிதான் பேச்சு. ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியபோது, அவையில் பேச வேண்டியிருந்தது கொள்முதல், மானியம், கையிருப்பு பற்றி. வாக்கியங்கள் குறுகின. உங்கள் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று எதிர்வரிசையிலிருந்து எழுந்த குரலுக்கு, என் அடிகள் அளந்து வைக்கப்படுகின்றன என்று அவர் விடையளித்ததாகச் சொல்வார்கள். உடல்நலமும் குன்றிவந்த ஒரு முதல்வரின் வாயில் அந்த அளவையைக் கேட்கும்போது, அது வெறும் சொல்விளையாட்டாக எனக்குத் தோன்றுவதில்லை.

1967 ஜூலை 18 அன்று, தில்லியில் தோற்றுப்போன அதே பெயர் கோட்டையில் தீர்மானமாக வருகிறது. அதை முன்மொழிந்தவர் அண்ணா. அவைத்தலைவர் நாற்காலியில் இருந்தவர் சி.பா. ஆதித்தனார். எதிர்க்கட்சிகளும் ஆதரித்ததால் அன்று அவைக்குள் எதிரணி என்று எவரும் மிஞ்சவில்லை. பத்தாண்டுகளாக அவர் பேச்சில் எவரையாவது விட்டுவிடாமல் சொல்ல முடியாமலிருந்த ‘நாம்’ என்ற சொல்லுக்கு அன்று மறுப்பாளர் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதும் அவர் செய்தது பேரவை நடைமுறையில் காணக் கிடைக்காதது. மேடைக்காரர் மீண்டும் எழுந்துவிட்டார். ‘தமிழ்நாடு’ என்று அவர் சொல்ல, உறுப்பினர்கள் ‘வாழ்க’ என்றார்கள். மறுபடியும் ‘தமிழ்நாடு’, மறுபடியும் ‘வாழ்க’. மூன்றாம் முறையும் அப்படியே. அவைத்தலைவரை நோக்கிப் பேச வேண்டும் என்ற விதியை அந்த மூன்று முறையும் எவரும் எழுந்து நினைவூட்டவில்லை.