எந்தக் கல், எந்த இடத்துக் கல்?

வணக்கம், நேயர்களே. பிள்ளைகளைக் கனிமம் சேகரிக்கக் கூட்டிப்போவதென்றால் பஸ் பேசி இரத்தினபுரிக்குத்தான் போகவேண்டுமா? வேண்டியதில்லை. தோட்டத்து ஓடை போதும். மலையகப் பாறைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடுஞ்சூட்டில் வெந்து உருமாறியவை. அதனால் சிப்பி பதிந்த கல்லைத் தேடாதீர்கள், கார்னெட் என்கிற சிவப்புக் கனிமத்தைத் தேடுங்கள்.

வீட்டில் அரிசி அரிக்கிறோமே, அதே கைவேலைதான். ஓடையில் பெரிய கல்லுக்குப் பின்னால், தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் மணல் எடுங்கள். அலுமினியத் தட்டில் இரண்டு கைப்பிடி போதும். தட்டைத் தண்ணீருக்குள் வைத்தே முதலில் பக்கவாட்டில் ஆட்டவேண்டும். பாரமானது அடிக்கு இறங்கட்டும். பிறகு லேசாகச் சரித்து, மேல் மணலை அலசி விடுங்கள். பிள்ளைகள் அவசரப்பட்டு எடுத்த எடுப்பிலேயே சரிப்பார்கள், எல்லாம் ஓடையோடு போய்விடும். மணலில் பெரும்பகுதி படிகக்கல் (குவார்ட்ஸ்), அது தண்ணீரைவிட 2.65 மடங்கு பாரம், கார்னெட் ஏறக்குறைய 4 மடங்கு. அதனால்தான் கடைசியில் தட்டின் ஓரத்தில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு மிஞ்சும். காந்தத்தை ஷொப்பிங் பைக்குள் போட்டு அதன்மேல் காட்டுங்கள். கறுப்பு மணிகள் பையில் ஒட்டும், காந்தத்தை உருவினால் உதிரும். பை இல்லாமல் காட்டினால் அன்று முழுக்கக் காந்தத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒட்டாமல் கிடக்கிற சிவப்பு மணிகளில் கார்னெட் இருக்கும். வில்லையில் பார்த்தால் மாதுளை முத்து மாதிரி.

இனி முக்கியமான விஷயம். கல்லை எடுத்த இடத்திலேயே இலக்கம் போடுங்கள். கல்லின் ஒரு மூலையைத் துடைத்துக் காயவைத்து, டிப்பெக்ஸ் ஒரு பொட்டு, அது காய்ந்ததும் கறுப்புப் பேனையால் இலக்கம். ஈரக்கல்லில் பொட்டு நிற்காது. அதே இலக்கம் கொப்பியில், பென்சிலால். மழை பட்டால் பேனை மை ஓடிவிடும். ‘ஓடைக்கரை’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘பாலத்துக்கு மேலே 20 காலடி, இடது கரை’ என்று எழுதவேண்டும். பாறையிலிருந்து உடைத்ததா, தண்ணீர் கொண்டுவந்து போட்டதா என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பை திறக்கும்போது எது எங்கே எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. திரும்பவும் சொல்கிறேன், இலக்கம் போடாமல் அடுத்த கல்லைத் தொடக்கூடாது. ஆளுக்கு ஐந்து கல், நெருப்புப்பெட்டி அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

வெள்ளைக் கல் கிடைத்தால் போத்தல் துண்டில் கீறிப் பாருங்கள். கீறினால் படிகக்கல்லாகவோ, பெல்ஸ்பார் என்கிற இன்னொரு வெளிர் கனிமமாகவோ இருக்கலாம். பெல்ஸ்பார் தட்டையாக உடையும், படிகக்கல் போத்தல் உடைகிற மாதிரி வளைவாக உடையும். கண்ணாடியைக் கீறாமல், கத்தி அதைச் சுரண்டினால், வினாகிரி ஒரு துளி. நுரைத்தால் சுண்ணக்கல். மாத்தளை, கண்டிப் பக்கத்துக் கல்லில் டொலமைட் என்கிற, எளிதில் நுரைக்காத கனிமம் கலந்திருந்தால் துளி சும்மா கிடக்கும். சுரண்டித் தூளாக்கி விட்டுப் பாருங்கள், மெல்லக் குமிழி வரும்.

சுத்தியல் முப்பது பிள்ளைகளுக்கு இரண்டே போதும், ஆசிரியர் கையில் மட்டும். ஆணி அடிக்கிற சுத்தியல் வேண்டாம், கருங்கல்லில் பட்டால் அதன் முகமே தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கூலிங் கிளாஸ் கணக்கில் சேராது. அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். பாறையின் நெற்றியில் குளவிக்கூடு இருந்தால் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் திரும்பிவிடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணைக்கட்டுக்குக் கீழே உள்ள ஆறு வேண்டாம், வான்கதவு திறந்தால் வெயிலிலும் வெள்ளம் வரும். மழைக்குப் பிறகு மண்மேட்டுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. தோட்டமென்றால் துரையிடம் அனுமதி கேளுங்கள். ஹோட்டன் சமவெளியில் ஒரு கல்லும் எடுக்கக்கூடாது, அது தேசியப் பூங்கா. குழி தோண்டி மாணிக்கம் தேட அனுமதிப்பத்திரம் வேண்டும், அந்தப் பேச்சே வேண்டாம். அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொள்ளுங்கள். கல் அடுக்க முட்டை அட்டை போதும், குழிக்கு ஒரு கல், பக்கத்தில் அதன் இலக்கம். வணக்கம்.