மிட்டாய் போட்ட விமானமும் பெர்லின் நூலகமும்
(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்தை இத்தனை காலம் தோளில் சுமந்துவரும் தலைவர் அவர்களே, கேட்டதும் பந்தலும் நாற்காலியும் அனுப்பிவைத்த அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, மழை மிரட்டியும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அம்மா அவர்கள் மூன்று கூட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். நூலகத்துக்கு என்று சொன்னதும் வந்தார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஐரோப்பியச் சண்டைகளில் அமெரிக்கா ஏன் தலையிட்டது என்று பேசச் சொன்னார்கள். மூன்று கட்டமாகச் சொல்கிறேன். முதல் உலகப்போர், இரண்டாம் உலகப்போரும் அதற்குப் பின் வந்த பனிப்போரும், கடைசியாக தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள பால்கன்.

நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். 1914இல் ஐரோப்பா இரண்டுபட்டது. அமெரிக்கா அப்போது ஐரோப்பாவிடம் கடன் வாங்கியிருந்த நாடு. போர் தொடங்கியதும் கோதுமை, பருத்தி, வெடிமருந்து எல்லாம் அங்கிருந்து கப்பல் ஏறின. மார்கன் வங்கி பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கடன் திரட்டிக் கொடுத்தது. போர் முடிந்தபோது கடன்காரன் யார், கடன் கொடுத்தவன் யார் என்பதே தலைகீழாகிவிட்டது. அதற்காக, பணத்துக்காக மட்டுமே அமெரிக்கா போருக்குப் போனது என்று நான் சொல்லமாட்டேன். 1915இல் லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள், அதில் 128 பேர் அமெரிக்கர்கள். அப்போதும் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பொறுத்தார். 1916 தேர்தலில் 'நம்மைப் போருக்குள் விடாமல் காத்தவர்' என்று சொல்லித்தான் அவருக்கு ஓட்டுக் கேட்டார்கள். 1917 ஏப்ரலில் அவரே போர் அறிவிக்கக் கேட்டு, காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் நின்றார். கீழவையில் 50 பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அதில் ஒருவர் ஜெனெட் ராங்கின், அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண்மணி. 1941இல் ஜப்பான்மேல் போர் அறிவித்தபோது அங்கே வேண்டாம் என்று எழுந்தது அவருடைய ஒற்றைக் குரல்தான். தாய்மார்கள் அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். ஹிட்லர் வீழ்ந்தபின் ஜெர்மன் தலைநகர் பெர்லினே இரண்டுபட்டது. கிழக்கு சோவியத் கையில், மேற்கு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையில். 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் படை அடைத்தது. உள்ளே இருபது லட்சம் பேர். மாவும் நிலக்கரியும் விமானத்தில்தான் போயாக வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கிய காலம் அது.

டெம்பிள்ஹாஃப் விமான நிலைய வேலியோரம் சிறு பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். கேல் ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி ஒருநாள் அவர்களோடு பேச்சுக் கொடுத்தார். பசித்த பிள்ளைகள், ஆனால் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. அது அவர் மனதை உலுக்கிவிட்டது. பையில் இருந்தது இரண்டே சூயிங்கம். அதைப் பிய்த்துக் கொடுத்தார். அடிதடி வரும் என்று நினைத்தால், வாங்கியவன் மேலும் பிய்த்துக் கொடுத்தான். கிடைக்காத பிள்ளைகள் அந்தக் காகிதத்தைக் கிழித்து வாங்கி மோந்து பார்த்தார்கள்! மோந்து பார்த்துவிட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். நாளைக்கு மேலிருந்து போடுகிறேன் என்றார் விமானி. அத்தனை விமானத்தில் உங்களுடையது எது என்று தெரிய வேண்டாமா? இறக்கையை ஆட்டிக் காட்டுகிறேன் என்றார். கைக்குட்டையில் பாராசூட் கட்டி மிட்டாய் இறங்கியது. மேலதிகாரியிடம் முதலில் வசவு, பிறகு தளபதி டன்னரின் அனுமதி. கடைசியில் இறங்கியது இருபது டன்னுக்கு மேல். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கடிதம் எழுதினாள்: உங்கள் விமானச் சத்தத்தில் எங்கள் கோழிகள் முட்டையிடுவதில்லை, வெள்ளைக் கோழிகள் தெரியும் இடத்தில் மிட்டாய் போடுங்கள், கோழி பயந்தாலும் பரவாயில்லை. அவர் தேடிப் பார்த்தார், வெள்ளைக் கோழி கண்ணில் படவில்லை. தபாலில் அனுப்பிவைத்தார்.

போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்தப் போட்ட மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்தது சுமார் 1,300 கோடி டாலர். தன் சரக்குக்குச் சந்தை வேண்டும், கம்யூனிசம் பரவக்கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறு. விமானத்திலேயே சரக்கு கொண்டுபோன அந்த 'விமானப் பாலத்தின்' நினைவாக அமெரிக்கா பெர்லினுக்கு எதைக் கொடுத்தது தெரியுமா? ஒரு பொது நூலகம். 1954இல் திறந்தார்கள். அமெரிக்க நினைவு நூலகம் என்று பெயர். வாசகர் தானே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாம். இன்றைக்கும் நடக்கிறது.

பெர்லினுக்கு விமானம் பறந்த அதே 1948இல்தான் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்து நிறைவேற்றினார். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி தனியாகப் போட்டிருக்கும். கட்டுகிறோம், ஐயா! ஆனால் நம் கிளை நூலகம் மாலையில் வேலை முடிந்து வருகிறவனுக்குப் பூட்டிக் கிடக்கிறது. புதுக் கட்டடம் வடக்குத் தெருவிலா தெற்குத் தெருவிலா என்று ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. கொண்டாட்டம் யாருக்கு? சாக்கு மூட்டையில் கிடக்கும் புத்தகங்களைத் தின்னும் கரையானுக்கு. எந்தத் தெரு என்றாலும் சரி, முதலில் கூரை வேண்டும்.

பால்கன் பற்றி, போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் உடன்படிக்கை பற்றியெல்லாம் நிறையப் பேசலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கும் மனசு நூலகத்தில்தான் இருக்கிறது. இரவு எட்டு மணிவரை நூலகம் திறக்க வேண்டும், வாசிப்பறை கட்ட வேண்டும் என்று மனு எழுதி வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். அம்மா அவர்கள் முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். இரண்டு தெருக்காரர்களும் வரிசையில் நின்று போட்டுவிட்டுப் போங்கள். பேனா மேஜையிலேயே இருக்கிறது.